வெயில் எந்தக் குலம்

எங்கள் தெருவில் இதுவரை எவருடைய வாழ்க்கையும் எழுதி வைக்கப்பட்டதில்லை. எழுதும்படி யாரும் வாழவில்லை என்பது ஒரு காரணம். எழுதி முடிக்கும் வரை மின்சாரம் இருந்ததில்லை என்பது இன்னொன்று. இந்தக் குறையைப் போக்குவதென்றால் லஃப்தாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய மனிதர் என்பதால் அல்ல. அவர் சொன்ன பெரிய பொய் ஒன்று ஒருநாள் உண்மையாகிவிட்டது. அப்படியொரு கெட்ட நேரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

லஃப்தாவுக்கு இரண்டு தொழில். காலையில் ஏசி மாட்டுவார், சாயங்காலம் மொட்டைமாடியில் புறா விடுவார். முதல் தொழில் சோறு போட்டது. இரண்டாவது மானத்தை வாங்கியது. எங்கள் பஸ்ரா பக்கம் புறாக்காரன் சாட்சி செல்லாது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பஞ்சாயத்தில் எழுந்து, "அவன் புறாக்காரன்ப்பா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அந்த ஆள் வாய் திறந்தாலும் கொட்டாவி விட்டதாகவே கணக்கு. காரணம் இல்லாமல் இல்லை. மாடியில் நிற்கிறவன் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை. வழி தவறிய புறா வந்து இறங்கினால், பிறந்ததே என் கூண்டில்தான் என்று சத்தியம் செய்யாமலும் இருப்பதில்லை. லஃப்தா இரண்டையும் செய்தவர். இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய வாழ்க்கைக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

அந்தப் பெரிய பொய் இதுதான்.

"என் புறாவ அமாராவுல கொண்டுபோய் விட்டுட்டு வாங்கடா. நீங்க பஸ் புடிச்சுத் திரும்பி வர்றதுக்குள்ள அது என் மாடியில எறங்கித் தண்ணி குடிச்சிட்டிருக்கும்."

அமாரா எங்கள் ஊருக்கு வடக்கே வெகுதூரம். தெருவில் யாராவது அளவுக்கு மீறி அளந்தால், "லஃப்தா புறா அமாராவுலேருந்து வந்துடுச்சு" என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. தேர்தலில் நிற்கிறவர்கள் பேசும்போது அடிக்கடி சொன்னோம். அது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் லஃப்தா. மற்ற எங்களுக்கு அது வெறும் சந்தேகம்தான்.

முதல் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். அவர் வாலிபத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு ஏசி இருந்தது. அதைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். இப்போது அறைக்கு ஒன்று. எல்லா ஏசிகளின் அவுட்டோர் பெட்டிகளும் தெருவைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கின்றன. தெருவோ குறுகல். இந்த வீட்டுப் பெட்டி அந்த வீட்டுப் பெட்டியின் முகத்தில் ஊதும், அது திருப்பி ஊதும். நடுவே நடப்பவர் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்டது போல வேகமாகக் கடந்துபோவார். தெரு சூடானதால் வீட்டுக்குள் குளிர் பத்தவில்லை என்று லஃப்தாவைக் கூப்பிடுவோம். அவர் வந்து இன்னும் பெரியதாக ஒன்றை மாட்டுவார். தெரு இன்னும் சூடாகும். மறுபடியும் கூப்பிடுவோம். அரசாங்க மின்சாரம் போனால் தெருமுனை ஜெனரேட்டர் டீசல் புகையோடு உறுமி, அந்த ஏசிகளுக்கெல்லாம் உயிர் கொடுக்கும். தனக்கு வேண்டிய வாடிக்கையைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் இப்படியொரு தொழில், வைத்தியத்துக்கு அடுத்தபடியாக இதுதான்.

தெருவின் கடைசியில் எண்ணெய் வயல். கிணற்றில் எண்ணெயோடு ஏறிவரும் வாயுவைப் பிடித்து வைக்கச் செலவாகும் என்று, உயரமான குழாய்களின் முனையில் வைத்து எரிக்கிறார்கள். எரித்தது போக மின்சாரம் எடுக்க எங்களிடம் வாயு இல்லை. அதனால் பக்கத்து நாட்டிலிருந்து வாங்குகிறோம். இதில் வேடிக்கை இருப்பதாக வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் சிரித்துச் சலித்துவிட்டோம்.

லஃப்தா சிறுவனாக மாடி ஏறியபோது அப்படி இரண்டு தீக்குழாய்கள் தெரிந்தன. இப்போது அந்தப் பக்கம் வானத்தில் தீ இல்லாத இடத்தைத் தேட வேண்டும். அந்தக் காலத்தில், புறா எழும்ப மறுக்கிற சாயங்காலம் கோடையில் எப்போதாவது ஒன்று வரும். வந்தால் தெருவே அதைப் பேசும். பிறகு அப்படிப்பட்ட சாயங்காலங்கள் நாலைந்தாகச் சேர்ந்து வந்தன. பிறகு வாரக்கணக்கில் வந்து, எங்களோடு தங்கி, நகர மறுத்தன. இப்போதெல்லாம் புறா எழும்புகிற சாயங்காலத்தைத்தான் பேசுகிறோம். துணி கட்டிய கம்பை லஃப்தா எவ்வளவு ஆட்டினாலும் அவை கூண்டு நிழலில் வாயைப் பிளந்து உட்கார்ந்து, "நீ வேணும்னா பறந்துக்கோ" என்பது போல அவரைப் பார்க்கும்.

அடுத்த வீட்டு முஸ்ஹிர், ஷலால் என்ற காண்டிராக்டரிடம் பள்ளம் தோண்டுகிறவர். முஸ்ஹிருக்கும் லஃப்தாவுக்கும் பல வருஷப் பகை.

"லஃப்தா! உன் சனியன் மறுபடியும் என் தண்ணித் தொட்டியில பேண்டு வச்சிருக்கு. எறங்கி வாடா கீழ!"

"என் புறா அப்படிச் செய்யாது முஸ்ஹிரு. நல்ல வம்சம்."

"வந்து பாரு. வம்சம் மெதக்குது."

"தொட்டியில தண்ணியா இருக்கு? கொதிநீரு. எந்தக் கிருமியும் பொழைக்காது. தைரியமா குடி."

மாடித் தொட்டித் தண்ணீரில் கோடையில் கை வைக்க முடியாது என்பது உண்மைதான். குளிக்க நாங்கள், வீட்டுக்குள் இருக்கும் வெந்நீர்க் கொதிகலனை அணைத்து வைத்து, அதிலிருந்து தண்ணீர் பிடிக்கிறோம். வீட்டிலேயே குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும் இடம் அதுதான்.

அந்த ஆகஸ்டில் வெப்ப அலை வந்தபோது யாரும் அதை வெப்ப அலை என்று சொல்லவில்லை. அலை என்றால் வந்து போக வேண்டும். அரசாங்கம் ஐம்பது டிகிரியைக் காட்டி அலுவலகங்களுக்கு விடுமுறை விட்டது. மத்தியானத்துக்குமேல் திறந்தவெளியில் வேலை கூடாது என்று உத்தரவும் போட்டது. ஷலாலின் ஆட்கள் தெருக்கோடியில் இன்னொரு தீக்குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு அலுவலகத்தில் இருந்தது. பள்ளம் வெளியே இருந்தது.

அன்று லஃப்தா நனைத்த சாக்கைக் கூண்டின் மேல் போர்த்த மாடிக்கு ஏறினார். மத்தியானத் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பள்ளத்தில் முஸ்ஹிர் கைப்பிடியில் துணி சுற்றிய மண்வெட்டியோடு நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

"என்ன முஸ்ஹிரு, காண்டிராக்டர் காசுல தூக்கமா?" என்று லஃப்தா மாடியிலிருந்து கத்தினார்.

முஸ்ஹிர் திட்டவில்லை. லஃப்தாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. இறங்கி ஓடிப் போனபோது பள்ளத்தில் மண்வெட்டி மட்டும் இருந்தது. ஆளை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ஷலால் சொன்னது சுருக்கமாக இருந்தது: மத்தியானத்துக்கு முன்பே எல்லோரையும் அனுப்பியாயிற்று, முஸ்ஹிர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார், அங்கேயே செத்தார். கூட வேலை செய்தவர்களுக்கும் அப்படித்தான் ஞாபகம் இருந்தது. மறுநாளும் அவர்களுக்கு வேலை இருந்தது.

எங்களிடம் ஒருவர் செத்தால் அந்தச் சாவு யாருடையது என்று கண்டுபிடிப்பது முறை. இரண்டு குலமும் உட்காரும், நபி வம்சத்தில் வந்த சையது ஒருவர் நடுவே உட்காருவார், பேசி முடித்து ரத்தப் பணம் கைமாறும், கையைக் கழுவிச் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். முஸ்ஹிரின் மனைவி கஸ்னா பணம் பற்றிப் பேசவேயில்லை. லஃப்தா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"லஃப்தாண்ணே. நீங்க மாடியில இருந்தீங்களாமே."

"இருந்தேன் தங்கச்சி."

"அப்ப வந்து சொல்லுங்க. அவரு கட்டில்ல சாகல, பள்ளத்துல செத்தாருன்னு. இந்தச் சாவு எங்க வீட்டுதுன்னு எங்க தலையிலயே கட்டிட்டுப் போறானுங்க."

"நான் சொன்னா யாரு தங்கச்சி எடுத்துக்குவா? நான் புறாக்காரன்."

"தெரியும். அவரே தெனமும் சொல்லுவாரு, அவன் வாயில வர்றதும் அவன் புறா போடறதும் ஒண்ணுன்னு."

இதைச் சொல்லிவிட்டு கஸ்னா அழுவார் என்று லஃப்தா எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. அந்த வெயிலில் அதற்கும் தண்ணீர் வேண்டும்.

நடுவராக இருக்க ஒப்புக்கொண்ட சையது நிஃமா ஒரு வழி சொன்னார். "புறா மொத்தத்தையும் வித்துடு. பக்கத்துல குடுக்காத, தூரத்துல குடு. இனிமே கையால தொடமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்ப உன் வாய மனுஷன் வாயா எடுத்துக்கலாம்."

லஃப்தாவின் மனைவி ஹசீபா இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை.

"நான் இருவது வருஷமாச் சொன்னேன், விடல. இப்ப முஸ்ஹிருக்காக விடறீங்களா? உசுரோட இருந்தப்ப அந்தாளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல."

"அவனும் சொன்னதில்லையே. அதான்."

"அதான்னா?"

"என்னைத் திட்ட இனிமே யாரு இருக்கா?"

அமாராவிலிருந்து ஒரு வியாபாரி வந்து எல்லாவற்றையும் கூடைகளில் அள்ளிக்கொண்டு போனான். கழுத்து கறுத்த ஒரு கிழட்டுப் பெட்டையைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றான். பிறகு பாவம் பார்த்து அதையும் ஏற்றினான். அமாராவுக்கா போகிறது என்று தெருவே ஒரு தடவை சிரித்தது. சையதும் சிரித்தார். திரும்பி வரும் என்ற பயம் யாருக்கும் இல்லை. லஃப்தாவுக்கும் இல்லை. கொஞ்சமாவது நம்பியிருந்தால் அதைவிடத் தூரமான மோசூலில் ஆள் தேடியிருப்பார்.

பஞ்சாயத்து எங்கள் தெருவிலேயே, கூடாரத்தில், பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் நடந்தது. வாடகைக்கு எடுத்த பெரிய கூலர்கள் ஈரக்காற்றை உள்ளே ஊதின. அவற்றுக்கென்று தனியாக ஒரு ஜெனரேட்டர் வந்தது. ஷலாலின் குலத்துப் பெரியவர்கள் வந்த கார்களெல்லாம் ஆளில்லாமல், என்ஜின் ஓடியபடி வரிசையாக நின்றன. திரும்பிப் போகையில் ஏறினால் உள்ளே குளிர்ந்திருக்க வேண்டுமே. வெயிலைப் பற்றி விசாரிக்க வந்தவர்களுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள இத்தனை ஏற்பாடும் செய்தது எங்கள் தெருவின் விருந்தோம்பலுக்கு நல்ல உதாரணம்.

ஷலால் எழுந்து மரியாதையாகப் பேசினார்.

"சையதய்யா, மனுஷன் போனது வருத்தம். இல்லேங்கல. ஆனா என் ஆளு அவர அடிச்சானா? இல்ல. என் வண்டி மோதிச்சா? இல்ல. மண்ணு சரிஞ்சுதா? அதுவும் இல்ல. வெயில் அடிச்சுது, போயிட்டாரு. கொன்னது வெயிலு. சரி, வெயில் எந்தக் குலம்? அந்தக் குலத்துப் பெரியவர வரச் சொல்லுங்க, உக்காந்து பேசுவோம்."

கூடாரம் சிரித்தது. முஸ்ஹிரின் பக்கத்தவர்கள் சிலரும் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நிறுத்தினார்கள்.

லஃப்தா எழுந்தார். "வெயில்ல நிக்க வச்சது எந்தக் குலம்? அதச் சொல்லுங்க மொதல்ல. மத்தியானத்துக்கு மேல அவரு பள்ளத்துல நின்னத நான் பாத்தேன். விழுந்ததையும் பாத்தேன். அப்புறம் இந்த வெயிலு. நான் பொறந்ததுலேருந்து அதே சூரியன்தான், அது கிட்ட வரவும் இல்ல, பெருசாகவும் இல்ல. இந்த மாதிரி நாளு மட்டும் எங்கேருந்து கூட்டங்கூட்டமா வருது? அந்தத் தீயெல்லாம் ஆண்டவனா மூட்டினான்? குழாய்ல கம்பெனி பேர்தானே எழுதியிருக்கு!"

"தீ கம்பெனியோடது. நான் பள்ளம் மட்டும்தான்" என்றார் ஷலால்.

"கம்பெனி எந்தக் குலம்?" என்று சையது கேட்டார்.

"அதுக்கும் குலம் கெடையாதுங்கய்யா. அதோட பெரியவரு பனி பெய்யற ஊர்ல இருக்காரு. இந்தச் சூட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டாரு." மறுபடியும் சிரிப்பு. ஷலால் கையமர்த்தினார். "தீய விடுங்க. தெருவப் பாருங்க. இந்தச் சின்னத் தெருவுல இத்தன அவுட்டோரு. நடந்து வந்த எனக்கே மூஞ்சி வெந்துடுச்சு. இதெல்லாம் மாட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் லஃப்தா. ஒரு கணம் அதில் பெருமை இருந்தது. பிறகு போய்விட்டது.

"முஸ்ஹிரு வீட்டுலயும்?"

"அங்கயும் நான்தான்."

"பாத்துக்கங்க. சாட்சியும் இவரே, வெயிலும் இவரே."

சையது நிஃமா தாடியைத் தடவினார். நல்ல மனிதர்தான். "வெயில் கணக்கு பெரிய கணக்கு, நம்ம பாயில அடங்காது. பள்ளத்துக்கு மட்டும் பேசுவோம். லஃப்தா, பாத்தது சத்தியமா?"

லஃப்தா எங்கள் ஊரில் எல்லோரும் பொய்யாகச் சொல்லப் பயப்படுகிற பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். சையது தலையசைத்தார். ஷலால் உட்கார்ந்தார். அவர் பக்கத்துப் பெரியவர் தொகையைப் பற்றி அவர் காதில் பேசத் தொடங்கினார். தட்டியின் மறுபுறம் பெண்களோடு உட்கார்ந்திருந்த கஸ்னாவுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். காய்ந்த எலுமிச்சைத் தேநீர் சுற்றுக்கு வந்தது. அந்தச் சாவுக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். அப்படித்தான் இருந்தது.

அப்போது கூடாரத் துணியின் அடியில் நுழைந்து ஒரு புறா நடந்து வந்தது. பறக்கவில்லை, நடந்தது. கழுத்து கறுத்த கிழட்டுப் பெட்டை. இறக்கை இரண்டும் தரையில் இழுபட, கூலரிலிருந்து சொட்டும் தண்ணீரை நோக்கி வந்து, எட்டுவதற்கு முன்பே சாய்ந்துவிட்டது.

லஃப்தா என்ன நினைத்தார் என்று பிறகு பலர் கேட்டார்கள். நினைக்கவில்லை என்றார். கை போனது. இரண்டு விரல்களுக்கு நடுவே கால்களைப் பிடித்து, உள்ளங்கையில் மார்பைத் தாங்கி, புறாக்காரன் மட்டுமே தூக்குகிற மாதிரி தூக்கினார். ஒரு வாய் தண்ணீர் எடுத்து, அலகைத் தன் உதட்டுக்குள் வைத்து ஊட்டினார். புறாவின் தொண்டை ஏறி இறங்கியது. அவர் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நீ வித்ததுதானே?" என்றார் சையது.

"ஆமாங்கய்யா."

"அமாராவுக்கு?"

"ஆமா."

யாரும் சிரிக்கவில்லை. அமாரா வியாபாரியைப் போனில் பிடித்தார்கள். அவன் பக்கம் மின்சாரம் போய்ப் புறா அறை அடுப்பாகிவிட்டதாம். அடைத்து வைத்தால் செத்துவிடும் என்று கதவைத் திறந்தானாம். எல்லாம் தெற்கே போயின என்றான். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது இது ஒன்று.

ஷலால் மெதுவாக எழுந்தார். "சையதய்யா, இனிமே தொடமாட்டேன்னு சொன்ன வாயி இப்ப புறா வாயோட ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த வாயிதான் பள்ளத்தப் பத்தியும் சொல்லிச்சு."

தட்டிக்குப் பின்னாலிருந்து கஸ்னாவின் குரல் வந்தது. "புறா வந்துடுச்சு இல்ல? லஃப்தாண்ணே காலமெல்லாம் சொன்னது நெசம்னு ஆச்சு இல்ல? அப்ப இது மட்டும் எப்படிப் பொய்யாகும்?"

"நீ சொல்றது நியாயம்தாம்மா" என்றார் சையது. "ஆனா வழக்கம் வேற."

பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார். பள்ளத்துக்குச் சாட்சி இல்லை. வெயிலுக்கோ அப்பன்மார் அதிகம். தீ மூட்டினவன், டீசல் எரிச்சவன், ஏசி போட்டவன், காரை அணைக்காமல் விட்டவன் என்று பார்த்தால் இந்தக் கூடாரத்தில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இறந்தவர் வீட்டிலும் ஒரு ஏசி உண்டு. இத்தனை பேர் சேர்ந்து பெற்ற பிள்ளைக்கு ஒருவரை மட்டும் அப்பன் என்று எழுத முடியாது. ஆகவே இது ஆண்டவன் செயல். இரக்கத்தின் பேரில் ஷலால் ஏதாவது செய்தால் நல்லது. ஷலால் இரக்கப்பட்டார். கஸ்னா வீட்டுக்குப் புத்தம் புதிய ஏசி ஒன்று தருவதாகச் சொன்னார், ஊரிலேயே பெரிய அளவு. எல்லோரும் கை கழுவிச் சாப்பிட்டார்கள். கார்கள் குளிர்ந்திருந்தன.

ஏசியை மாட்ட லஃப்தா போனார். எங்கள் தெருவில் வேறு ஆள் இல்லை.

"அவுட்டோர எங்கண்ணே வப்பீங்க?" என்று கஸ்னா கேட்டார்.

"தெருப்பக்கம் எடமில்ல. என் மாடியப் பாத்த செவுத்துலதான்."

"புறாவுக்குச் சூடடிக்குமே."

"ஒண்ணுதானே."

லஃப்தா சுவரைத் துளைத்து முடித்தார். பிறகு கஸ்னா கேட்டார்: "கடைசியில என்னண்ணே செஞ்சாரு?"

"மண்வெட்டியத் தன் நெழல்ல வச்சாரு. எழுந்து எடுக்கும்போது கை சுடக்கூடாதுன்னு நெனக்கிறேன்."

கஸ்னா தலையாட்டினார். லஃப்தா சுவிட்சைப் போட்டு, காற்றின் முன் கையை நீட்டிப் பார்த்து, குளிர் வருகிறது என்றார். வருகிறது என்றார் கஸ்னாவும்.

லஃப்தா தன் மாடிக்கு ஏறியபோது புதிய பெட்டி ஊதிக்கொண்டிருந்தது. புறா கூண்டின் மறுகோடியில் ஒட்டி நின்றது. தெருக்கோடியில் பள்ளம் இன்னும் நீண்டிருந்தது. அதில் வேறொருவர் மண்வெட்டியோடு நின்றார். மத்தியானம் எப்போதோ தாண்டியிருந்தது. லஃப்தா கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு புறாவைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஏசி ஓடும் அறையின் கதவைத் திறந்து உள்ளே விட்டார்.

ஹசீபா படுத்திருந்தார். புறாவைப் பார்த்தார், லஃப்தாவைப் பார்த்தார்.

"கதவச் சாத்துங்க" என்றார். "குளிரு வெளிய போகுது."